விற்ற பின்னும் தொடர வேண்டிய பொறுப்பு

கொடைக்கானலுக்கு வாகனத்தில் வருவோர் இணையவழியில் இ-பாஸ் பெற வேண்டும் என்ற நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அமலில் உள்ளது. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் பலரும் நீட்டுவது கைபேசித் திரையைத்தான். பூம்பாறையில் பூண்டு விற்பவரும், மன்னவனூரில் தேநீர்க் கடை நடத்துபவரும் யுபிஐ வழியாகப் பணம் பெறுவது அதே கருவியில். 2023 அக்டோபர் 20 அன்று பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காகத் தமிழகமெங்கும் ஒலித்தவையும் கைபேசிகளே. மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சும் பழனி மலைக் கிராமங்களுக்கு அந்த ஒலியின் மதிப்பு தெரியும்.

அனுமதிச் சீட்டாகவும் பணப்பையாகவும் அபாய மணியாகவும் ஆகிவிட்ட ஒரு கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதில் தயாரிப்பு நிறுவனங்கள் காட்டும் மெத்தனத்தை, பயனாளரின் வெறும் எரிச்சலாக ஒதுக்கிவிட முடியாது என்றே கருதுகிறேன்.

தாமதம் எங்கே நேர்கிறது? ஆண்ட்ராய்டில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் கூகுள் வெளியிடுகிறது. அவற்றைச் சிப் தயாரிப்பாளர் தம் வன்பொருளுக்கு ஏற்பச் சீரமைக்க வேண்டும்; கைபேசி நிறுவனம் தன் இடைமுகத்தோடு இணைத்து, ஒவ்வொரு மாதிரியிலும் சோதிக்க வேண்டும். இந்தச் சங்கிலியைச் சுருக்கவே 2017-இல் ‘ட்ரெபிள்’ என்ற கட்டமைப்பு மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. காரணம், தொழில்நுட்பத்தைவிட வணிகம் சார்ந்தது. விற்றுவிட்ட கைபேசிக்கு உழைப்பதால் நிறுவனத்துக்குப் புதிய வருவாய் இல்லை.

குறை பொதுவெளியில் அறிவிக்கப்பட்ட பின்னர்த் திருத்தம் வரும்வரையிலான மாதங்களே ஆபத்தானவை. பூட்டின் பழுது திருடனுக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கோ மாற்றுப் பூட்டு வந்துசேரவில்லை. கூகுளின் பிக்ஸல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. குறைந்த விலைக் கைபேசிகள் பலவற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே அது நின்றுவிடுகிறது. வங்கிக் கணக்கில் சில ஆயிரங்களை மட்டுமே வைத்திருப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைதான்.

அரசு நினைத்தால் நிறுவனங்களை விரைவுபடுத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கியபோது, அதற்குரிய வன்பொருள் இருந்தும் மென்பொருள் வராததால் ஐபோன்கள் உள்ளிட்ட பல கைபேசிகளில் அது இயங்கவில்லை. அதே மாதம் மத்திய அரசு கைபேசி நிறுவனங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் அழைத்துப் பேசியது. டிசம்பரில் ஆப்பிளின் புதுப்பிப்பு வந்தது. புதிய சேவையை விற்பதற்குக் காட்டிய அந்த அவசரம், பழைய கைபேசியைப் பாதுகாப்பதற்கு ஏன் காட்டப்படவில்லை என்பதே என் கேள்வி.

அவசரப் புதுப்பிப்பும் தீங்கு செய்யலாம் என்று நிறுவனங்கள் வாதிடுவதில் உண்மை உண்டு. பழைய கைபேசிகளின் வேகத்தைக் குறைத்த புதுப்பிப்புகளுக்காக, 2018-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சோதனைக்குக் கால அவகாசம் தேவை. அந்த அவகாசத்துக்கு எல்லையும் தேவை. 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள், தாம் வழங்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவனங்கள் நான்கு மாதங்களுக்குள் தர வேண்டும் என்கின்றன. ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகளுக்கு அவற்றை இலவசமாக அளிக்க வேண்டும் என்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை நிறுவனம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

இந்தியாவில், பழுதுநீக்கக் குறியீடு குறித்து நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025-இல் அறிக்கை அளித்தது. அது பரிந்துரைத்த அளவுகோல்களில் மென்பொருள் புதுப்பிப்பும் ஒன்று. நல்ல தொடக்கம். ஆனால், குறியீடு வாங்குபவருக்கு வழிகாட்டுமே தவிர, வாங்கியவருக்கு உரிமை தராது. உணவுப் பொட்டலத்தில் காலாவதி நாள் அச்சிடப்படுவதுபோல, புதுப்பிப்பு நிற்கும் நாள் கைபேசிப் பெட்டியில் அச்சிடப்பட வேண்டும். அந்த நாளுக்கு முன் நிறுவனம் கைவிட்டால், அதைச் சேவைக் குறைபாடாகக் கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழி இருக்க வேண்டும். அலைவரிசை பலவீனமான மலைப்பகுதிகளைக் கருதி, சில நூறு எம்பி அளவிலான பாதுகாப்புத் திருத்தங்களைப் பெரிய புதுப்பிப்புகளிலிருந்து பிரித்து வழங்கச் செய்ய வேண்டும்.

அனுமதிச் சீட்டுக்கும் எச்சரிக்கைக்கும் குடிமக்களின் கைபேசியை நம்பியிருக்கும் அரசு, அந்தக் கைபேசி பாதுகாப்பாக இருப்பதையும் தன் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். அதைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது முறையல்ல.