மாறியவர்களும் மாற்றப்பட்டவர்களும்

மதமாற்றம் பற்றிய விவாதம் எங்கு எழுந்தாலும் அது இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுவதே வழக்கம். மிஷனரிமார் கல்வியும் மருத்துவமும் தந்தார்கள் என்பது ஒரு கட்சி. பண்பாட்டை அழித்தார்கள் என்பது மற்றையது. வட அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர்களின் நாவல்களைப் படித்தபின் இவ்விரண்டில் எதிலும் முழுமனதுடன் சேர என்னால் முடியவில்லை.

சினுவா ஆச்சிபியின் நாவல் 'சிதைவுகள்' என்ற பெயரில் என்.கே.மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பாக நம்மவர்க்கு அறிமுகமானது. நைஜீரியாவின் இக்போ மக்களிடையே மிஷன் வந்துசேர்ந்த காலத்தை அது சொல்கிறது. இரட்டைக் குழந்தைகள் காட்டில் கைவிடப்படுவதும், தமையன் போலப் பழகிய சிறுவன் கொல்லப்பட்டதும் நுவோயேயின் மனதில் புண்ணாகக் கிடக்கின்றன. புதிய மதத்தின் பாடல் அப்புண்ணுக்கு மருந்தாகிறது. அவனை எவரும் பலவந்தப்படுத்தவில்லை.

வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மிஷனுக்குப் பின்னால் அரசாங்கம் நின்றது. 1883ஆம் ஆண்டின் விதிகள் மூலம் ஐக்கிய அமெரிக்கா, சூரிய நடனம் முதலிய சடங்குகளைக் குற்றங்களாக்கியது. 1884இல் கனடா கொண்டுவந்த பொட்லாட்ச் சடங்குக்கு எதிரான தடை 1951 வரை நீடித்தது. அந்நாட்டின் வதிவிடப் பாடசாலைகளுக்குள் ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகளே.

அத்தகைய பாடசாலையொன்றில் படித்தவர் கிரீ இனத்தவரான ரொம்சன் ஹைவே. 1998இல் வெளியான அவரது 'கிஸ் ஒஃப் த ஃபர் குயின்' நாவலில் சம்பியன் என்ற சிறுவன் ஜெரமையாவாகப் பெயர் மாற்றப்படுகிறான். தலைமயிர் வெட்டப்படுகிறது; தாய்மொழி தடுக்கப்படுகிறது; பாதிரியாரே அவனையும் தம்பியையும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார். ஆயினும் அச்சிறுவர்களின் தந்தை ஓர் உண்மையான கத்தோலிக்க விசுவாசி. அந்த விசுவாசத்தை ஹைவே ஏளனம் செய்யவில்லை. நாவலின் வேதனை அங்கேதான் இருக்கிறது.

ஒஜிப்வே வழிவந்த லூயிஸ் எட்ரிச் இன்னும் ஆழமாகச் செல்கிறார். 'ட்ரக்ஸ்' (1988) நாவலின் பவுலின் கலப்பினப் பெண். பூர்வகுடிப் பெண்களைக் கன்னியர் மடம் ஏற்காது என்றறிந்ததும், தான் முழு வெள்ளைக்காரி என்று சாதிக்கிறாள். சப்பாத்துகளைக் கால்மாற்றி அணிந்து உடலை வதைக்கிறாள். இதனைப் பக்தி என்பதிலும் பார்க்கத் தன் இரத்தத்தின் மீதான வெறுப்பு என்பதே பொருந்தும். 2001இல் வெளியான 'த லாஸ்ட் ரிப்போர்ட் ஒன் த மிரக்கிள்ஸ் அட் லிட்டில் நோ ஹோர்ஸ்' நாவலிலோ பாதிரியார் டேமியன் வருகிறார். உண்மையில் ஆண்வேடமிட்ட பெண்ணாகிய அவர், மக்களை மாற்ற வந்தவர். நனபுஷ் என்ற முதியவரின் நட்பில் மெல்ல மெல்லத் தாமே மாறிப்போகிறார். தாம் செய்த மதமாற்றங்கள் நன்மையானவையா என்ற ஐயமும் அவரைப் பற்றிக்கொள்கிறது.

ஒரே எழுத்தாளரின் ஒரே உலகம், ஒரே திருச்சபை. ஒருத்தியை அது அழிக்கிறது, மற்றவரை விரிக்கிறது. பவுலின் தன்னை மறுத்த பின்னரே உள்ளே நுழைய முடிந்தது. டேமியன் தம்மை மறுக்காமலே நனபுஷின் உலகைக் கற்றுக்கொண்டார். எனவே இந்நாவல்கள் சுமத்தும் குற்றம் கிறிஸ்துவின் மீதானதல்ல. சொந்த மொழியையும் முன்னோரையும் கண்டு நாணும்படி ஒரு குழந்தையைப் பழக்கிய அதிகாரத்தின் மீதானது என்பதே எனது கருத்து.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2022இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக்குச் சென்று பூர்வகுடியினரிடம் மன்னிப்புக் கோரினார். அது வேண்டியதே. ஆனால் மன்னிப்புக் கோரல் நடந்தவற்றுக்கு வருந்துமே தவிர, அவற்றுக்கு உள்ளானவரின் மனம் எவ்வாறு தன்னையே வெறுக்கக் கற்றது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வதற்கு நாவல் தேவைப்படுகிறது. மதமாற்றம் பற்றி உரத்துப் பேசுகின்ற இரு கட்சியினரும் இவற்றை ஒருமுறை வாசித்தல் நன்று.