செயினுக்கு எண்ணெய் விட்டால் வாரன்டி போய்விடுமாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. புது வண்டி எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

"சார், வாரன்டி முடியுற வரைக்கும் வண்டியில கையே வைக்கக் கூடாதாம், ஷோரூம்ல சொன்னாங்க." இதை இந்த வருடம் எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டீர்கள்! டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட ஊர் இது. உங்கள் அப்பாமார் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுத் தானே பஞ்சர் ஒட்டியவர்கள். நீங்கள் செயினைத் தொடப் பயப்படுகிறீர்கள்.

வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்தார்களே, பிரித்தீர்களா? பரீட்சைக்கு முதல் நாள்கூடப் புத்தகத்தைத் திறக்காத ஆட்கள் நீங்கள், எனக்குத் தெரியாதா? செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, தொய்வு பார்ப்பது, டயரில் காற்று, ஆயில் மட்டம், பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் ஓட்டுகிறவர்தான் கவனிக்க வேண்டும் என்று கம்பெனியே அதில் அச்சடித்திருக்கிறது. செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய் என்று பல புத்தகங்களில் இருக்கும். வாடிப்பட்டியிலிருந்து தினம் மதுரைக்கு வந்து போகிறவருக்கு 500 கி.மீ. என்பது ஏறத்தாழ பத்து நாள். பத்து நாளைக்கு ஒரு தரம் வேலையை விட்டுவிட்டு சர்வீஸ் சென்டர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார முடியுமா?

நம் பக்கத்துப் புழுதியையும் யோசியுங்கள். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். மழையில் சேறாக அப்பும், கோடையில் தூளாகப் பறந்து செயினில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். தேய்ந்த செயினை எடுத்துக்கொண்டு போனால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "இது தேயுற பொருள், வாரன்டியில வராது." எதற்குப் பயந்து தொடாமல் விட்டீர்களோ, அதற்கு வாரன்டியே கிடையாது!

என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பையன் பால் கேன் கட்டிக்கொண்டு தினம் ஊர் ஊராகப் போகிறவன். வண்டி தவணையில் எடுத்தது. ஐந்தாம் மாதம் செல்ஃப் ஸ்டார்ட் மோட்டார் போய்விட்டது. எந்த சர்வீஸும் தவறவிடவில்லை. ஆனால் நடுவில் ஒரு முறை வெளியே ஆயில் மாற்றியிருக்கிறான். அதைக் காரணம் காட்டி "வாரன்டி செல்லாது" என்று விட்டார்கள். நான் கூடப் போனேன். ஆயிலுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை. "சரி தம்பி, மறுக்கிற காரணத்தை இந்த ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றேன். உள்ளே போய் யாருக்கோ போன் பேசினார்கள். மறுநாள் மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குள் அவனுக்கு நாலு நாள் பால் வியாபாரம் போச்சு, தவணைத் தேதி நிற்குமா?

இதற்கு ஒரு தீர்ப்பும் உண்டு. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியே ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வெளி வேலை கெடுத்த பாகத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அது கார் வழக்கு, பைக் கம்பெனிகளுக்கு நேராகப் போட்ட உத்தரவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காருக்கு ஒரு நியாயம், பைக்குக்கு ஒரு நியாயமா? அமெரிக்காவில் 1975லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

அதற்காக, "சார் சொல்லிட்டார்" என்று இலவச சர்வீஸைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வண்டி ஓடவே இல்லை என்று வீட்டில் நிறுத்தி வைத்து, நாள் கெடுவைக் கோட்டை விடுகிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள் (மருமகப் பிள்ளைக்குப் புரியும்). அந்த முத்திரை இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவே இல்லை.

புது வண்டிக்கு 200, 300 கி.மீ.யிலேயே ஆயில் மாற்று என்று யூடியூபில் சொல்கிறார்கள். புத்தகம் கேட்காததை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்? செய்தே தீருவேன் என்றால், புத்தகத்தில் போட்டிருக்கும் அதே கிரேடு பைக் ஆயில், பில்லோடு. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அது உங்கள் தப்பாகத்தான் முடியும். டிரெய்ன் போல்ட்டைப் பலம் காட்டி முறுக்கி மரையைத் தின்ன வைத்தாலும் அப்படித்தான். இதைச் செய்துவிட்டதால் முதல் சர்வீஸுக்குப் போக வேண்டாம் என்றும் ஆகாது.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தீர்கள், பில் ஒட்டுங்கள், மீட்டரோடு ஒரு போட்டோ. பிறகும் நியாயமில்லாமல் மறுத்தால் 1915க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதென்று மட்டும் சொல்லாதீர்கள். விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

செயின் துடைக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். பழைய பனியன் துணியும், அந்தப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.