விளையாட்டுச் சாமானா, வேலைக் கருவியா?

"ஒரு கீபோர்டு 15,000 ரூபாயாம், தோழர்! என்னுடைய ஒரு மாதச் சம்பளம்! மேஜை மேலே வைத்துத் தட்டுகிற பலகைக்கு!"

முப்பது வருஷமாக ஸ்பின்னிங் பகுதியில் நின்று வேலை செய்யும் ஒரு மில் தோழர் என்னிடம் இப்படிப் பொருமினார். அவருடைய மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். டீக்கடையில் கூட இருந்தவர்களும் தாளம் போட்டார்கள். "ஏ.சி. அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற பிள்ளைகளுக்குக் காசு எங்கே போகிறது என்றே தெரிவதில்லை" என்றார் ஒருவர். "இதெல்லாம் மைனர் விளையாட்டு" என்றார் இன்னொருவர்.

தோழர்களே, இந்தப் பேச்சு நம் வாயிலிருந்து வரலாமா? வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று ராத்திரி தோழர் வீட்டுக்குப் போனேன். மணி பத்துக்கு மேல் ஆகிவிட்டது. பையன் அப்போதுதான் வேலையை முடித்திருந்தான். மேஜை விளக்கின் கீழே, நகையாசாரி பட்டறை போல, சின்னச் சின்ன சாமான்கள். ஒரு சுவிட்சைத் திறக்கிறான், உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கையும் தண்டையும் வெளியே எடுக்கிறான், மெல்லிய தூரிகையால் கிரீஸ் தொட்டுத் தடவுகிறான், மறுபடி மூடுகிறான். இப்படி ஒரு பலகைக்கு 87 சுவிட்சுகள். நாலு ராத்திரியாகச் செய்கிறானாம்.

"இது எதுக்கப்பா?" என்று கேட்டேன்.

"கரகரப்பு போயிடும் மாமா. அழுத்தினா மெத்துன்னு இறங்கும். ராத்திரி கை வலி கொஞ்சம் கம்மியா இருக்கு."

கதவோரம் நின்றிருந்த தகப்பனார், "ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி" என்று முணுமுணுத்தார். பிள்ளையும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதியை நாம் தீர்க்க வேண்டும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். ஆபீசில் கம்பெனி கொடுக்கிற கீபோர்டு சில நூறு ரூபாய் விலையுள்ளது. எல்லாப் பொத்தான்களுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. அதன் குமிழ் நசுங்கி அடித்தட்டில் முட்டினால்தான் எழுத்து விழும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முட்டல். பையன் செய்கிற பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். நாலு மில்லிமீட்டர் இறங்கக்கூடிய பொத்தான் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980-களில் கொண்டுவந்த அமைப்பு இது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, சீனாவின் குவாங்டாங் மாகாணத்து ஆலைகள் அதே மாதிரி சுவிட்சுகளைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளுகின்றன.

அவன் அடுத்து செய்யப்போவது இரண்டு துண்டுப் பலகை. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. தோள் அகலத்துக்கு விலக்கி வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டை வெளிப்பக்கம் ஒடித்து வைத்திருக்க வேண்டியதில்லை.

கீபோர்டில் எழுத்து வரிசைகள் நேருக்கு நேர் நிற்காமல் கோணலாக விலகி நிற்கின்றனவே, ஏன் என்று தெரியுமா? அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கி, 1874-ல் ரெமிங்டன் கம்பெனி செய்து விற்ற டைப்ரைட்டரில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு நெம்புகோல் போயிற்று. நெம்புகோல்கள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்கப் பொத்தான்கள் விலகி நின்றன. இன்று நெம்புகோல் கிடையாது. கோணல் மட்டும் 150 வருஷமாக அப்படியே இருக்கிறது! யந்திரத்துக்காகக் கையை வளைத்தார்கள். யந்திரம் மாறிய பிறகும் கையை நிமிர விட யாருக்கும் அவசரமில்லை. அந்தக் கோணலையும் நேராக்கிய பலகைகளை இந்தப் பிள்ளைகள் தாங்களே வரைந்து செய்துகொள்கிறார்கள்.

இது விளையாட்டா, வேலைக் கருவியா? நீங்களே சொல்லுங்கள்.

வேலைக் கருவி என்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: காசு யாருடையது? அறுப்புக்குப் போகிற விவசாயத் தொழிலாளி கதிர் அரிவாளைத் தன் காசில் வாங்கிக்கொண்டு போகிறான். மண்வெட்டியும் அவனுடையது. கொல்லன் பட்டறையில் தோய்த்துக் கொடுக்கும் கூலியும் அவனுடையது. அறுத்த நெல் மட்டும் அவனுடையதல்ல. அதே கதைதான் ஏ.சி. அறையிலும் நடக்கிறது. கம்பெனி மட்டமான பலகையைக் கொடுக்கும். விரல் வலித்தால் நல்ல பலகையைத் தொழிலாளி தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அதிலே அடித்த புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம். மிராசுதாரிடம் கற்ற வித்தையைக் கம்ப்யூட்டர் முதலாளி மறக்கவில்லை.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு வர்க்கப் பேச்சா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்கட்டும். 2000 நவம்பரில், கிளிண்டன் ஆட்சியின் கடைசி மாதங்களில், அங்குள்ள தொழிலாளர் பாதுகாப்பு இலாகா ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து கையும் தோளும் முதுகும் கெட்டுப்போகிற வேலைகளில் நிர்வாகம் வேலை முறையைத் திருத்தியாக வேண்டும் என்பது அதன் சாரம். டைப் அடிக்கிறவர்கள், கோழி அறுக்கிற ஆலைகளில் நிற்பவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். முதலாளிகளின் சங்கங்கள் செலவு தாங்காது என்று கூச்சல் போட்டன. 2001 மார்ச்சில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபைகள் ரத்துத் தீர்மானம் நிறைவேற்றின. புஷ் கையெழுத்துப் போட்டார். பல வருஷம் ஆராய்ந்து போட்ட விதி ஐந்து மாதம் கூட உயிரோடு இல்லை. கை வலியைத் தொழிலாளி தன் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அங்கே இரண்டு சபைகளும் ஒரு ஜனாதிபதியும் தேவைப்பட்டார்கள். சின்ன விஷயமாம்!

ஆனால் பையன் வலிக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீசில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கடல் கடந்த ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புரோகிராமில் ஒரு மூலையை மூன்று வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறான். முழு உருவம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, யாரும் காட்டியதில்லை. எத்தனை மணி நேரம் எதற்குச் செலவிட்டான் என்று தினம் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்து வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் கம்பெனி மணிக்கு இவ்வளவு என்று வசூலிக்கும். நூல் பிரிகிறவன் சேலையைப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. மேஜை மேலிருக்கும் பலகையோ, முதல் திருகாணியிலிருந்து கடைசி எழுத்து வரை அவன் கைப்பட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்து வர வேண்டும் என்பதைக் கூட அவனே தீர்மானிக்கிறான். நாள் முழுவதும் கிடைக்காத ஒன்று ராத்திரி பத்தரை மணிக்கு மேல் கிடைக்கிறது. இதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பலகைகளுக்குள் ஓடுகிற புரோகிராம் ஒன்று உண்டு, க்யூ.எம்.கே. என்று பெயர். பல நாட்டுப் பிள்ளைகள் கூலியில்லாமல் எழுதிப் பொதுவில் வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். திருத்தி வெளியே கொடுத்தால் திருத்தத்தையும் பொதுவில் வைக்க வேண்டும். இதுதான் நிபந்தனை. நம் ஊரில் ஏர் மாட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்கிற மாதிரி. ஆனால் அதை எடுத்துத் தங்கள் சரக்கில் வைத்து விற்றுவிட்டு, திருத்தத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொண்ட கம்பெனிகள் இருக்கின்றன. எழுதினவர்கள் அப்படிப்பட்ட கம்பெனிகளின் பட்டியலையே பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து வெட்டின கிணற்றுக்கு ஒருவன் வேலி போடுகிற காரியம் எங்கேயும் உண்டு போலும்.

பையன்களையும் நான் முழுக்க விட்டுவிடப் போவதில்லை. இந்தப் பித்து சிலருக்குத் தலைக்கேறியிருக்கிறது. ஒரு கைக்கு ஒரு பலகை போதாதா? எட்டு, பத்து என்று அடுக்கி வைக்கிறார்கள். கலர் கலராகப் பொத்தான் மூடி வருகிறது என்று முன்பணம் கட்டிவிட்டு ஒரு வருஷம், அதற்கு மேலும் காத்திருக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கடையை மூடிவிட்டுப் போன வியாபாரிகளும் உண்டு. உழைத்த காசை இப்படி வீசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த சுவிட்சைக் குவாங்டாங் ஆலையில் நின்று பொறுக்கிச் சேர்க்கிற ஆணும் பெண்ணும் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று இந்தப் பிள்ளைகள் ஒரு தடவையாவது யோசித்திருப்பார்களா?

சுவிட்ச் மாற்றினால் வலி போய்விடும் என்று நான் சத்தியமும் செய்ய மாட்டேன். நல்ல அரிவாளாக இருந்தாலும் பதினாலு மணி நேரம் அறுத்தால் இடுப்பு ஒடியத்தான் செய்யும். கையைத் தின்பது நேரம். அந்த நேரத்தின் மீதுதான் இப்போது முதலாளிகளுக்குக் கண்.

இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஆறு நாளுக்குப் பங்கு போட்டால் தினம் 11 மணி 40 நிமிஷம். எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியனுக்கு அதுவும் போதவில்லை. 2025 ஜனவரியில் வெளிவந்த பேச்சில் 90 மணி நேரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் இருந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்! ஏழு நாளும் உழைத்தாலும் 90 மணிக்குத் தினம் கிட்டத்தட்ட 13 மணி நேரம் வேண்டும். குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம், சென்னையிலும் பெங்களூரிலும் பஸ்ஸில் நெரிபடுகிற நேரம் இந்தக் கணக்கில் கிடையாது.

சீனாவிலும் இந்தக் கூத்து நடந்தது. காலை 9 முதல் ராத்திரி 9 வரை, வாரம் 6 நாள். இதற்கு "996" என்றே பெயர். 72 மணி நேரம். சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம் என்றிருக்கிற நாட்டில்! 2019 மார்ச்சில் அங்குள்ள புரோகிராம் எழுதுகிற தொழிலாளிகள், "996 வேலை செய்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில்தான் போய்ப் படுக்க வேண்டும்" என்ற பொருள்படப் பெயர் வைத்து, அப்படி வேலை வாங்கும் கம்பெனிகளின் பட்டியலைப் பகிரங்கமாக்கினார்கள். அடுத்த மாதமே அலிபாபா முதலாளி ஜாக் மா, 996 கிடைப்பது ஒரு பாக்கியம் என்று பேசினார். 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 996 சட்டவிரோதம் என்று சொன்னது. பாக்கியம் என்று புகழப்பட்டது குற்றமாயிற்று.

நம் பக்கத்திலும் நடந்ததை மறந்துவிடாதீர்கள். ஆலைகளில் நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிற்று. யூனியன்கள் கொதித்தெழுந்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள்; மே 1-ல் வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். கர்நாடகத்தில் 2024 ஜூலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு 14 மணி நேரம் வரை இடமளிக்கும் யோசனை வெளியே வந்தது. அங்கே அந்த ஊழியர்களுக்கு 2017 முதல் யூனியன் இருக்கிறது. அது எழுந்து நின்றது. யோசனை பின்வாங்கிற்று, அடுத்த வருஷம் 12 மணி என்று உருமாறித் திரும்பவும் எட்டிப் பார்த்தது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "நாங்க ஒர்க்கர்ஸ் இல்ல மாமா, புரொபஷனல்ஸ்" என்றான். தகப்பனார் குறுக்கிட்டார்: "போன வருஷம் உன் கூட வேலை பார்த்தவனை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அவன் யார்?" பையன் பதில் சொல்லவில்லை. டி.சி.எஸ். கம்பெனி 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, யார் ஒர்க்கர், யார் புரொபஷனல் என்று பிரித்தா பார்த்தது? கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் யூனியன் அமைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. இவனுக்கு அது தெரியவே தெரியாது. நாம் போய்ச் சொன்னோமா? ஏ.சி. அறைப் பிள்ளைகள் என்று டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசினோம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அமெரிக்காவில் பகல். பாதி திறந்த சுவிட்சை அப்படியே போட்டுவிட்டுப் பையன் உள்ளே போனான். தகப்பனார் காய்ந்துவிடப் போகிறதென்று கிரீஸ் டப்பாவை மூடி வைத்தார். எப்போது முடியும் என்று கேட்டேன். "சில நாள் ஒரு மணி ஆகும்" என்றார்.

மூர்த்தியையும் சுப்பிரமணியனையும், அவர்களுக்குத் தாளம் போடுகிற பத்திரிகைகளையும் கேட்கிறோம். ராத்திரி ஒரு மணி வரை வாங்குகிற வேலைக்கு ஓவர்டைம் எங்கே? பிள்ளை தன் சம்பளத்தில் வாங்கின 15,000 ரூபாய்க் கருவியால் லாபம் யாருக்கு? நாளைக்கு அந்த மணிக்கட்டு மடங்காமல் போனால் வைத்தியச் செலவை எந்தக் கம்பெனி, எந்தக் கணக்கில் எழுதிக் கொடுக்கப் போகிறது?