கருவி உண்டு, கற்பிப்பவர் எங்கே?

நம் வீடுகளில் குறட்டை ஒரு நகைச்சுவைச் செய்தி. உரக்கக் குறட்டை விடுபவரைக் 'கும்பகர்ணன்' என்று கேலி செய்கிறோம். அவர் ஆழ்ந்து உறங்குவதாகவும் நம்புகிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இது ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேல் நிகழ்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உறங்காதவராகவே அவர் எழுந்திருக்கிறார்.

உறக்க மூச்சுத்தடை எனப்படும் இந்நோய் இந்தியாவில் உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ 10.4 கோடிப் பேருக்கு இருக்கக்கூடும் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், இதயத்துடிப்புச் சீர்கேடு, பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஓட்டுநர் இருக்கையில் கண்ணயர்வதோடும் உண்டு. அதனால் இது ஒருவரின் படுக்கையறைப் பிரச்னையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

ஓய்வுக்குப் பின் நான் வாழும் செங்கல்பட்டு மாவட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். கடல்மல்லையில் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். தலசயனப் பெருமாள் கோயிலில், கடற்கரைக் கோயிலில், மகிடாசுரமர்த்தினி குகையின் சிற்பத்தில் என மூன்று இடங்களில் அவரைக் காணலாம். ஆனால், அவரைச் சுற்றி வாழும் மக்கள் இரவில் உழைப்பவர்கள். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவர்கள் விடியலுக்கு முன்பே படகைத் தள்ளுகிறார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையம் இரவும் பகலும் இயங்குகிறது. மறைமலை நகர் தொழிற்சாலைகளில் 'ஷிப்ட்' முறை. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளிலும் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களிலும் இரவுப் பணி. இவர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர்களுக்கும், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுபவர்களுக்கும் இரவே வேலை நேரம்.

இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய 'சிபாப்' கருவி, முகக்கவசம் வழியாக இலேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. மாத்திரை இல்லை, அறுவை இல்லை. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் இரவும் அதை அணிய வேண்டும்.

சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரிடம் நடத்தப்பட்ட 'சேவ்' ஆய்வின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. கருவி பெற்றவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பகல் உறக்கம் குறைந்தது; மனநிலை மேம்பட்டது; வேலைக்கு வராத நாள்கள் குறைந்தன. அதே அறிக்கையின் இன்னோர் எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும்: அவர்கள் கருவியை அணிந்த நேரம் இரவொன்றுக்குச் சராசரி 3.3 மணி மட்டுமே. முழு இரவும் அணிந்திருந்தால் இதயம் காக்கப்பட்டிருக்கும் என்று இதை வைத்து உறுதி கூற முடியாது. பாதி இரவுக்கும் குறைவாக அணிந்த கருவியிடம் முழுப் பயனை எதிர்பார்க்கவும் முடியாது.

ஏன் அணிவதில்லை? என் முன்னாள் மாணவர் ஒருவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துக் கருவி வாங்கினார். பத்தே நாள்களில் அது பரணுக்குப் போயிற்று. கவசம் மூக்கின் மேல் அழுந்திப் புண்ணாயிற்று, வாய் வறண்டது, 'ஐ.சி.யூ.வில் கிடப்பது போல இருக்கிறது' என்று மனைவி அழுதார். பழகிவிட்டால் இது இல்லாமல் மூச்சே வராது என்று அண்டை வீட்டார் அச்சுறுத்தினர். ஓராண்டு கழித்து, அறிமுகமான செவிலியர் ஒருவர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். கவசத்தின் அளவை மாற்றச் சொன்னார். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது சிறிது நேரம் அணிந்து பழகச் சொன்னார். இது செயற்கைச் சுவாசக் கருவி அன்று, மூச்சை அவரேதான் விடுகிறார் என்று விளக்கினார். இப்போது அவர் நாள்தோறும் அணிகிறார்.

அந்த அரை மணி நேரத்துக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: நோயாளிக் கல்வி. அமெரிக்காவில் உறக்க நலக் கல்வியாளருக்கெனத் தனிச் சான்றிதழ்த் தேர்வே நடத்தப்படுகிறது. அவர் செய்வது அறிவுரை வழங்குவது மட்டுமன்று. வடிகட்டியை எப்போது மாற்றுவது, ஈரப்பதக் கலத்தில் ஏன் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பவற்றைச் செய்து காட்டுகிறார். கருவியில் பதிவான நேரத்தைப் பார்த்து, முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அழைக்கிறார். இத்தகைய கல்வியும் தொடர் ஆதரவும் கருவியை அணியும் நேரத்தைக் கூட்டுகின்றன என்பதை 2020-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பும் அவர் பணியே. பகல் உறக்கத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் எப்வர்த் வினாத்தாள் 1991-இல் மெல்போர்னில் உருவானது. 'படித்துக்கொண்டிருக்கும்போது கண்ணயர்வீர்களா? போக்குவரத்தில் நின்ற காருக்குள் இருக்கும்போது?' என்று அது கேட்கிறது. காரும் புத்தகமும் இல்லாத கொக்கிலமேட்டு மீனவரிடம் இக்கேள்விகளை அப்படியே கேட்டால் என்ன விடை கிடைக்கும்? வலை பின்னும்போதும், பேருந்தில் அமர்ந்திருக்கும்போதும் என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

இப்பணியை இப்போது யார் செய்கிறார்கள்? நான் கண்டவரை, பெரும்பாலும் கருவியை விற்பவரின் பிரதிநிதிதான். அவர்களில் அக்கறை உள்ளவர்கள் பலர் உண்டு. குறை அவர்களுடையது அன்று. ஆனால், விற்பனையோடு முடிந்துவிடும் ஊக்கத்தொகை, அதன் பின் வரும் முந்நூறு இரவுகளுக்குப் பொறுப்பேற்காது. உடல் எடை குறைந்தால் சிலருக்கு நோய் தணியும். சிலருக்கு வேறு சிகிச்சையே போதும். கருவியே தேவையில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் விற்பவர் நடுநிலை வகிப்பாரா? 2021 ஜூனில், உள்ளிருக்கும் நுரைப்பொருள் சிதையக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் கருவிகளை உலகெங்கும் இலட்சக்கணக்கில் திரும்பப் பெற முன்வந்தது. அத்தகைய செய்தியை நோயாளிக்கு விளக்க, விற்பனைக்கு வெளியே ஒருவர் இருப்பது அவசியம்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு. இது புள்ளிவிவரம் அன்று, எடுத்துக்காட்டு மட்டுமே. நூறு பேர் தலா ரூ.40,000-க்குக் கருவி வாங்குவதாகக் கொள்வோம். நாற்பது பேர் கைவிட்டால் ரூ.16 இலட்சம் பரணில் முடங்குகிறது. மாதம் ரூ.25,000 ஊதியத்தில் ஒரு கல்வியாளரை அமர்த்தினால் ஆண்டுச் செலவு ரூ.3 இலட்சம். அந்த நாற்பது பேரில் எட்டுப் பேரைக் கருவிக்குத் திருப்பினாலே ரூ.3.2 இலட்சம் மதிப்புள்ள கருவிகள் பயனுக்கு வந்துவிடும், ஊதியம் ஈடாகிவிடும். தவிர்க்கப்படும் விபத்துகளை இக்கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், 2021 டிசம்பரில் இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் கொடுக்கும் அந்தத் தாராளத்தில் ஒரு துளியை விபத்துக்கு முன் கொடுத்தால் என்ன?

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொடங்கப்பெற்ற தொழுநோய் மருத்துவமனை, 1955-இல் மத்திய தொழுநோய் கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. அதே ஆண்டு தொடங்கிய தேசியத் தொழுநோய்த் திட்டத்தின் தாரக மந்திரம் கணக்கெடுப்பு, கல்வி, சிகிச்சை என்பது. மருந்துக்கு முன்னால் கல்வியை வைத்தார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டவர்களும் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைய முடியும் என்று உலகுக்குக் காட்டியது. ஊழியர்கள் வீடு தேடிச் சென்று மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று பார்த்தார்கள் என்பதும் அந்த வெற்றியின் ஒரு பகுதி.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லா உறக்கமின்மையும் நோய் அன்று. வாரந்தோறும் மாறும் 'ஷிப்ட்', பகலில் கொதிக்கும் தகரக் கூரை, ஒரே அறையில் பலர் தங்கும் விடுதி ஆகியவற்றின் விளைவைத் தொழிலாளியின் தீய பழக்கம் என்று சொல்லி, 'இரவு பத்து மணிக்குப் படுங்கள்' என்று அறிவுரை கூறுவது கல்வி ஆகாது. கல்வியாளர் வேலை நேரத்தையும் கேட்டறிய வேண்டும். நிர்வாகத்திடமும் பேச வேண்டும். இன்னொன்று, அச்சம். நோய் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சும் ஓட்டுநர் குறட்டையை மறைக்கவே செய்வார். சிகிச்சை பெறுபவரின் பணி பாதுகாக்கப்படும் என்ற உறுதி இல்லாமல் எந்தப் பரிசோதனை முகாமும் உண்மையைக் கண்டறியாது.

செய்ய வேண்டியவை எளியவை. முதலாவதாக, 1965 முதல் இயங்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, மருத்துவமனையில் ஒரு நோயாளிக் கல்வியாளர் பணியிடத்தை உருவாக்கலாம். நலக் கல்வியாளர்களையும் ஆலோசகர்களையும் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஏற்கெனவே அங்கீகரித்துள்ளது. இரண்டாவதாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை உண்டும் அழுத்தம் குறையாதவரின் குடும்பத்தாரிடம், 'உரக்கக் குறட்டை விடுகிறாரா? இடையில் மூச்சு நிற்கிறதா? பகலில் தூங்கி விழுகிறாரா?' என்ற மூன்று கேள்விகளை அவர்கள் கூடுதலாகக் கேட்கலாம். மூன்றாவதாக, மத்திய அரசு ஊழியர்களுக்கு இக்கருவியின் செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருப்பதுபோல, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கருவியையும் அதைக் கற்பிக்கும் பணியையும் சேர்த்தே ஒரு தொகுப்பாக வழங்கலாம்.

கருவியை மட்டும் கொடுப்பதாக இருந்தால், கொடுக்காமலே இருக்கலாம். அதை அணியக் கற்பிக்க ஒருவர் இருந்தால்தான், அதற்காகச் செலவிடும் பணம் ஓட்டுநரின் கண்ணை விழித்திருக்கச் செய்யும். அவர் வேனில் பயணம் செய்யும் பத்துப் பேரை வீடு சேர்க்கும்.