போனில் வரும் மொட்டை நோட்டீஸ்

தேர்தல் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம். அச்சிட்டவர் யார், வெளியிடுகிறவர் யார், இருவரின் முகவரி என்ன என்பது நோட்டீஸின் முகப்பிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு பாயும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1961-இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. கும்பகோணத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து ட்ரெடில் மெஷினில் தொடங்கி ஆஃப்செட் வரைக்கும், எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறோம். இந்த விதியால் எங்களுக்கு அலைச்சல் உண்டு. ஆனாலும் இது நியாயமான விதி என்று மனதார நம்புகிறேன். அதே தேர்தலில் போன் வழியாக வரும் பிரசாரத்துக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாதது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

நோட்டீஸுக்கு என்ன நடைமுறை என்று பொதுமக்கள் பலருக்குத் தெரியாது. வெளியிடுகிறவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்து முடித்ததும் அந்தப் படிவத்தையும் நோட்டீஸையும் மூன்று நாளுக்குள் ஆட்சியர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். எத்தனை பிரதி, எவ்வளவு கூலி என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது, வாக்குப்பதிவு நெருங்கிவிட்ட நேரம், ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு ஒருவர் வந்தார். கையில் ஒரு கோடு போட்ட தாள். எதிர் வேட்பாளரின் வீட்டுப் பெண்களைப் பற்றி நாலு வரி; படிக்கவே கூசியது. "பிரஸ் பேரு வேணாண்ணே. ரெண்டு மடங்கு வாங்கிக்குங்க" என்றார். "உங்க பேரு, அட்ரஸ், ரெண்டு சாட்சி கொண்டாங்க தம்பி, அப்புறம் பேசுவோம்" என்றேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வரவில்லை. வேறு எங்காவது அடித்தாரோ என்னவோ, எங்கள் பக்கம் அந்த நோட்டீஸ் கண்ணில் படவில்லை. நான் சட்டம் பேசவில்லை, உபதேசமும் செய்யவில்லை. பெயரைக் கேட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு அதே ஆளுக்கு அச்சகமே தேவையில்லை. அந்த நாலு வரியைப் பதிவு செய்து, தொகுதியின் செல்போன் எண்கள் அடங்கிய பட்டியலோடு ஒரு வாய்ஸ் கால் நிறுவனத்திடம் கொடுத்தால் போதும்.

என் அக்காவுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தது. பத்து இலக்கச் சாதாரண எண். "தொகுதி மக்களின் கருத்துக்கணிப்புக்காக அழைக்கிறோம்" என்று ஒரு பெண் குரல். யார் நடத்தும் கணிப்பு என்று சொல்லவில்லை. முதல் இரண்டு கேள்விகள் குடிநீர், சாலை பற்றி. மூன்றாவது கேள்வி, ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி, "ஊழல் புகாருக்கு ஆளான இவருக்கு மீண்டும் வாக்களிப்பீர்களா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்." அக்கா அழுத்திவிட்டாள். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, இது கவர்மெண்டு போனா? ஓட்டு லிஸ்ட்டுல ஏதாவது மாத்திடுவாங்களா?" என்று கேட்டாள். குரலில் பயம் இருந்தது. அந்த எண்ணைத் திரும்ப அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கணிப்பு என்ற பெயரில் ஒரு குற்றச்சாட்டைக் காதில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு முடியவில்லை. அக்கா அழுத்தியது ஒன்றா இரண்டா என்பது அவளுடைய போன் நம்பருக்கு நேரே எங்கோ ஒரு கணினியில் ஏறிவிட்டது. வாக்குச்சாவடியில் அட்டை மறைப்பு வைத்து, கணவனுக்குக்கூடத் தெரியாமல் அவள் அளிக்கிற வாக்கு அது. அதன் சாயலை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கும் குரல் செய்திக்கும், தொலைக்காட்சி விளம்பரத்தைப் போலவே முன்அனுமதிச் சான்று வாங்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தச் சான்று, அதை வழங்கும் குழுவின் கோப்பில் இருக்கும். கேட்கிறவர் காதுக்கு வராது. சான்று வாங்கிய அழைப்பு எது, வாங்காதது எது என்று அக்கா எப்படிக் கண்டுபிடிப்பாள்? 2025 அக்டோபரில் ஆணையம் இன்னொரு அறிவுறுத்தல் தந்தது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ஒலிப்பதிவு என்றால் அதன் முதல் பத்து சதவீத நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். நல்ல காரியம். ஆனால் உருவாக்கியவரின் பெயரைப் பதிவோடு வரும் குறிப்பிலோ மெட்டாடேட்டாவிலோ போட்டால் போதும் என்றிருக்கிறது. ஃபேஸ்புக்குக்கு அது பொருந்தும். போன் அழைப்பில் குறிப்பு ஏது, மெட்டாடேட்டாவை யார் பார்ப்பது? அங்கே இருப்பது குரல் மட்டும்தான். பெயரும் குரலில்தான் வர வேண்டும்.

2024 பிப்ரவரி 24, ஜெயலலிதா பிறந்தநாளன்று அவர் குரலில் செயற்கையாக உருவாக்கிய பேச்சை அதிமுக வெளியிட்டது. கட்சியே தன் பெயரில் வெளியிட்டதால் கேட்டவர்களுக்குக் குழப்பம் இல்லை. அதே மாதிரிக் குரல் அநாமதேய எண்ணிலிருந்து, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வந்தால்?

அமெரிக்காவில் வந்தே விட்டது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதிபர் வேட்பாளர் தேர்வுக்கான வாக்குப்பதிவு 2024 ஜனவரி 23. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆயிரக்கணக்கான வீடுகளில் போன் அடித்து, அதிபர் பைடனின் குரல் இப்போது ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. பைடன் பேசவே இல்லை. போன் திரையில் தெரிந்த எண்ணும் வேறொருவருடையது. அழைப்பு எந்தெந்த நிறுவனங்கள் வழியாக வந்தது என்று பின்னோக்கித் தேடி, சில வாரங்களில் ஸ்டீவ் கிரேமர் என்ற அரசியல் ஆலோசகரிடம் போய் நின்றார்கள். எண்ணை மாற்றிக் காட்டியதற்கு அவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம். அழைப்பைக் கொண்டுசேர்த்த தொலைத்தொடர்பு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டியது. மாநில அரசு தொடுத்த குற்ற வழக்கில் 2025-இல் கிரேமரை ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். ஆனாலும், யார் செய்தது என்பது ஊருக்குத் தெரிந்தது.

எனக்குப் பிடித்தது கனடா செய்த காரியம். 2011 பொதுத் தேர்தலில் குவெல்ஃப் தொகுதி வாக்காளர்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் பெயரைச் சொல்லி, உங்கள் வாக்குச்சாவடி மாறிவிட்டது என்று பொய் அழைப்புகள் போயின. ஒரு கட்சி ஊழியர் 2014-இல் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதே ஆண்டு சட்டம் மாறியது. வாக்காளர்களை மொத்தமாக அழைக்கும் நிறுவனமும், அதை அமர்த்திய கட்சியும், முதல் அழைப்பு போன 48 மணி நேரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேசிய வாசகத்தையும் ஒலிப்பதிவையும் பத்திரப்படுத்த வேண்டும். எங்கள் உறுதிமொழிப் படிவத்தின் மறுவடிவம்தான் அது.

பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தினால் சாதாரண மனிதன் ஆட்சியை விமர்சிக்கப் பயப்படுவான் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒருவர் தன் சிநேகிதருக்குப் போன் போட்டு ஒரு வேட்பாளரைத் திட்டினால் எந்த விதியும் குறுக்கே வரக்கூடாது. நான் சொல்வது இயந்திரம் லட்சம் பேருக்குப் போடும் அழைப்பை. அதற்குப் பணம் வேண்டும். நம் மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். பெயரில்லாத அழைப்பின் செலவை யார் கணக்கில் எழுதுவது? வேட்பாளரின் சொத்தும் வழக்குகளும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று 2002-இலும், கட்சிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று தெரிய வேண்டும் எனத் தேர்தல் பத்திர வழக்கில் 2024-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காதுக்குள் வந்து பேசுகிறவன் யார் என்பது மட்டும் தெரியக்கூடாதா?

பெயர் முதலில் வர வேண்டும். கடைசியில் சொன்னால் பிரயோஜனமில்லை; பாதிப் பேர் அதற்குள் போனை வைத்துவிடுவார்கள். இன்ன கட்சிக்காக, இன்னார் பணத்தில், இன்ன நிறுவனம் பேசுகிறது, திரும்ப அழைக்க இந்த எண் என்று சொல்லிவிட்டு அப்புறம் பிரசாரம் செய்யட்டும். கருத்துக்கணிப்பு என்று வருகிற அழைப்புக்கும் இதுவேதான். 127ஏ பிரிவில் குரல் செய்தியையும் சேர்க்க நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். அதுவரை அரசியல் சாசனத்தின் 324-ஆம் பிரிவு தந்திருக்கும் அதிகாரத்தை வைத்து ஆணையமே ஓர் உத்தரவு போடலாம்.

தேர்தல் அறிவித்ததும் ஆட்சியர் அலுவலகத்தில் அச்சக உரிமையாளர்களைக் கூட்டி விதிகளைப் படித்துக் காட்டுவார்கள். நாங்களும் போய் உட்கார்ந்து படிவங்களை வாங்கி வருவோம். அடுத்த தேர்தலுக்கு அந்தக் கூட்டத்துக்கு வாய்ஸ் கால் நிறுவனங்களையும் அழையுங்கள். அதே படிவத்தை அவர்களிடமும் கொடுங்கள். இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு, ஒலிப்பதிவையும் இணைத்து, எத்தனை பேருக்கு அழைப்பு போனது, எவ்வளவு கூலி என்று எழுதி, மூன்று நாளுக்குள் திருப்பித் தரச் சொல்லுங்கள்.