அரைக்கிலோவும் அரை பிளாக்கும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "கணிப்பொறியின் பயன்கள் எழுதேன்" என்றார்கள். அதை எப்படியும் பத்துப் பேர் எழுதியிருப்பீர்கள். நான் எழுத வந்தது ஒரு ஃபைலின் வாலைப் பற்றி. சிரிக்காதீர்கள், அந்த வாலால் எங்கள் லைன் வீட்டில் 8 நாள் கணக்கு போச்சு.

எனக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். அப்பா, அம்மா இருவருக்கும் காப்பித் தோட்ட வேலை. பழம் எடுக்கிற மாதங்களில் மதியம் ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தராசு பதினெட்டரையில் நின்றால் நோட்டில் 18 என்றுதான் விழும். கேட்டால் "அரைக்கிலோதானே" என்று பதில் வரும். ஒரு நாள் அம்மா கேட்டது: "நீ கம்ப்யூட்டர் படிக்கிறியே, எங்க எடைய நாங்களே குறிச்சு வைக்க ஒண்ணு செஞ்சு குடுக்க முடியாதா?"

செய்தேன். பழைய ஆண்ட்ராய்டு போன், அதில் 4 ஜிபி மெமரி கார்டு, நானே எழுதிய சின்ன புரோகிராம். 60 பேர், ஆளுக்கு நாளைக்கு 2 எடை. ஒன்று கெட்டாலும் மற்றது தப்பட்டும் என்று ஒவ்வோர் எடைக்கும் ஒரு தனி ஃபைல். பெயர், தேதி, எடை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 80 பைட். (தமிழில் எழுதினால் பெயரே கொஞ்சம் இடம் பிடிக்கும். யுடிஎஃப்-8 முறையில் 'செல்வி' என்ற மூன்றெழுத்துக்கு 18 பைட்!) 75 நாள் சீசனில் 67 நாள் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஒன்றும் பதிவாகவில்லை. கார்டில் இடம் இல்லை. இடம் இல்லை என்று திரையில் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அது என் தப்பு. கணக்குத் தீர்க்கிற அன்றுதான் தெரிந்தது. கடைசி 8 நாளுக்கு அவர்கள் நோட்டில் இருந்ததுதான் எடை.

கார்டை லேபுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். 8040 ஃபைல். உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் கூட்டினால் 6,43,200 பைட், ஒரு சினிமாப் பாட்டு அளவுகூட இல்லை. பிடித்திருந்த இடமோ 251 எம்பி! காரணம் நம் பாடத்தில் ஒரே வரியில் வருகிற விஷயம்தான். டிஸ்க்கில் இடம் பைட் பைட்டாகக் கிடைப்பதில்லை, பிளாக் கணக்கில்தான் கிடைக்கும். அந்தக் கார்டில் ஒரு பிளாக் 32 கிலோபைட். 80 பைட் எழுதினாலும் முழு பிளாக்கும் அந்த ஃபைலுக்கே பட்டா. பெரிய ஃபைலுக்குக் கடைசி பிளாக்கில் மட்டும்தான் இந்த நஷ்டம், அந்த அரைகுறை பிளாக்கைத்தான் வால் என்கிறார்கள். என் ஃபைல்களுக்கு உடம்பே கிடையாது, எல்லாம் வால்.

"மெமரி கார்டு என்ன விலை? பெருசா ஒண்ணு வாங்கிப் போடு" என்று நம் வகுப்பிலேயே சொன்னார்கள். இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காசு எங்கள் வீட்டில் எத்தனை கிலோ பழம் என்று எனக்குத் தெரியும். அதை விடுங்கள், டிஸ்க் பெரிதாகும்போது பிளாக்கும் பெரிதாகிறதே! 64 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால், நாம் மாற்றாதவரை பிளாக் 128 கிலோபைட்.

பெரியவர்களும் இதில் முட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்குசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி என்ற நால்வர் யூனிக்ஸுக்கு வேகமான ஃபைல் சிஸ்டம் ஒன்றைச் செய்து 1984-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிளாக் பெரிதானால் வேகம் கூடும், இடம் வீணாகும். அவர்கள் தங்கள் டிஸ்க்கையே அளந்து பார்த்தார்கள்: 512 பைட் பிளாக்கில் வீண் 6.9 சதவீதம், 4096 பைட்டில் 45.6 சதவீதம். அதனால் பிளாக்கைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, அதை 2, 4 அல்லது 8 துண்டாக வெட்ட வழி செய்தார்கள். ஃபைலின் வால் மட்டும் துண்டில் உட்காரும், மிச்சத் துண்டுகளில் வேறு ஃபைல்களின் வால்.

எங்கள் களத்தில் நடப்பதும் இதுதான். 50 கிலோ சாக்கு அரையில் நின்றால் வாயைத் தைக்க மாட்டார்கள், மறுநாள் சரக்கைப் போட்டு நிரப்புவார்கள். ஆனால் அராபிகாவோடு ரோபஸ்டா கலந்துவிடக் கூடாது. எது எங்கே என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அந்த ஆள் கூலிதான் இதில் செலவு. வால் வளர்ந்தால் பக்கத்துத் துண்டில் வேறொருவர் இருப்பார், முழுவதையும் வேறு இடத்துக்குக் காப்பி செய்ய வேண்டும். 2001-இல் லினக்ஸ் 2.4.1-இல் சேர்ந்த ரைசர் எஃப்எஸ் வால்களை இன்னும் நெருக்கி அடுக்கியது. ஆனால் வேகம் வேண்டுமென்றால் அடுக்காதே என்று சொல்ல 'நோடெயில்' என்ற வழியையும் கூடவே வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13-இல் அந்த ஃபைல் சிஸ்டமே நீக்கப்பட்டுவிட்டது. இன்னொரு பயமும் உண்டு. பல பேருடைய வால் ஒரே பிளாக்கில் இருந்து அந்த பிளாக் கெட்டால் அத்தனை பேருக்கும் நஷ்டம்.

ஆகவே, வாலைக் கண்டவுடன் அடுக்கு என்று நான் சொல்லவில்லை. என் கட்சி இது: ஃபைல் எழுதப்படும்போது விட்டுவிடு, எழுதி முடிந்த பிறகு அடுக்கு. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் இருக்கிற ஸ்குவாஷ் எஃப்எஸ் வால்களைச் சேர்த்துக் கட்டுவது யாருக்கும் தொந்தரவில்லை, அதில் ஒரு ஃபைலும் இனி வளரப்போவதில்லையே. மிகச் சிறிய ஃபைலுக்கு பிளாக்கே தராமல், அதன் விவரக் குறிப்பிலேயே உள்ளே வைத்துவிடுவது இன்னும் நல்லது. என் 80 பைட் ஃபைலை லேபில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் போட்டு 'டிஸ்க்கில் பிடித்த அளவு' பார்த்தேன். பூஜ்யம்! நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பிராக்டிகலில் நாம் அல்காரிதத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு வருகிறோம். ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, 'இதில் எத்தனை ஃபைல், சராசரி அளவு என்ன, எவ்வளவு வீண்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. சார், அடுத்த வருடமாவது கேளுங்கள்.

புரோகிராமை மாற்றிவிட்டேன். ஒரே ஃபைல், எடைக்கு ஒரு வரி. பழைய 8040 எடையும் இப்போது 20 பிளாக்கில் அடங்கிவிட்டது. ராத்திரி ஒரு பிரதி பென்டிரைவுக்குப் போகும். இடம் குறைந்தால் போன் கத்தும். அம்மா மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறது. அதில் முதல் வரி: பதினெட்டரை.