கண்ணில் அடிபட்டவரைப் பார்த்து ஊளையிட்டது ஏன்? எம்.எம்.ஏ ரசிகர்களில் எத்தனை ரகம்?

2025 அக்டோபர் 25. அபுதாபியின் எத்திஹாட் அரங்கம். யு.எஃப்.சி 321-ன் முக்கிய மோதலில் ஹெவிவெயிட் சாம்பியன் டாம் ஆஸ்பினாலும் பிரான்ஸின் சிரில் கானும் கூண்டுக்குள் நிற்கிறார்கள். முதல் ரவுண்டு முடியப்போகும் நேரத்தில் கானின் விரல்கள் ஆஸ்பினாலின் கண்களில் பட்டுவிட்டன. விதிப்படி 5 நிமிட அவகாசம் தரப்பட்டது. 'பார்வை தெரியவில்லை' என்றார் ஆஸ்பினால். முடிவு இல்லாத போட்டி என்று அறிவித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். அடிபட்டவரைப் பார்த்தே அரங்கம் ஊளையிட்டது. 'தப்பு செஞ்சது நான் இல்லையே, ஏன் கத்துறீங்க?' என்ற தொனியில் சாம்பியனே கூட்டத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. 'தோத்துடுவோம்னு பயந்து ஒதுங்கிட்டார்' என்று சமூக வலைதளங்களில் ஒரு பக்கம். 'கண்ணு போச்சுன்னா நீங்களா தருவீங்க?' என்று மறுபக்கம். சில வாரங்கள் கழித்து ஆஸ்பினால் தரப்பு மருத்துவ அறிக்கையை வெளியிட்டது. இரு கண்களையும் அசைக்கும் தசைநார் பகுதியில் பாதிப்பு, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றது அது.

ஒரே சண்டை, ஒரே திரை. பார்த்தவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு வேறு வேறு ஆட்களாக இருக்கிறார்கள்?

முதலில், இது எப்படி இவ்வளவு பெரிதானது?

எம்.எம்.ஏ என்பது குத்துச்சண்டை, கிக் பாக்ஸிங், மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. முதல் யு.எஃப்.சி போட்டி 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்தது. அப்போது எடைப் பிரிவு கிடையாது, விதிகளும் பெயருக்குத்தான். 'மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை' என்று செனட்டர் ஜான் மெக்கெய்ன் எதிர்த்தார். பல மாகாணங்கள் தடை விதித்தன.

பிறகு விதிகள் வந்தன. 2001-ல் வெறும் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யு.எஃப்.சி, 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. இந்த வளர்ச்சியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புது ரகம் ரசிகர் உள்ளே வந்தார். பழைய ரகம் போகவும் இல்லை. ஊளைக்கும் கைதட்டலுக்கும் நடுவே நடக்கும் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

1. ரத்தம் பார்க்க வந்தவர்

இவருக்கு நாக் அவுட் வேண்டும். வீரர்கள் தரையில் உருண்டு பிடி போட ஆரம்பித்தால் 30 விநாடியில் பொறுமை போய்விடும். 'எழுந்து சண்டை போடுங்கப்பா' என்று முதலில் கத்துபவர் இவரே. 1990-களில் இந்த விளையாட்டு தன்னை விற்றுக்கொண்டதே இவரை நம்பித்தான். அதனால் இவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

2. நுணுக்கம் பார்ப்பவர்

முதல் யு.எஃப்.சி-யை வென்றவர் கூட்டத்தில் இருந்த பெரிய உடம்புக்காரர் இல்லை. சுமார் 80 கிலோ எடைகொண்ட பிரேசிலின் ராய்ஸ் கிரேஸி, ஒரே இரவில் மூன்று பேரைப் பிடி போட்டுத் தோற்கடித்தார். 'அட, பலத்தைவிட வித்தை பெரிசா?' என்று அன்று வியந்தவர்களின் வாரிசுகள்தான் இந்த ரகம். இவர்களில் பலர் தாங்களே ஜிம்முக்குப் போய்ப் பயிற்சி செய்பவர்கள். ஜப்பானில் 1997 முதல் 2007 வரை நடந்த பிரைட் போட்டிகளில் அரங்கம் அமைதியாக இருக்கும். தரையில் ஒருவர் தன் நிலையைச் சற்று மாற்றினால்கூடக் கைதட்டல் எழும்.

இவரிடம் ஒரு குறையும் உண்டு. புதிதாக வந்தவர்களை 'கேஷுவல்' என்று மட்டம் தட்டுவார். தானும் ஒருநாள் புதிதாக வந்தவர்தான் என்பது மறந்துபோகும்.

3. நட்சத்திரத்தின் பக்தர், 4. கொடி பிடிப்பவர்

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2018 அக்டோபர் 6, லாஸ் வேகஸ். அயர்லாந்தின் கானர் மெக்ரிகரும் தாகெஸ்தானின் கபீப் நூர்மகமதோவும் மோதிய யு.எஃப்.சி 229-ஐக் கட்டணம் கட்டிப் பார்த்தவர்கள் சுமார் 24 லட்சம் என்று சொல்லப்பட்டது. அதுவரை யு.எஃப்.சி-யில் அதுவே உச்சம். மெக்ரிகரின் வாய்ச்சவடாலை ரசித்தவர்கள் ஒரு பக்கம், கபீப்பைத் தங்கள் ஊராகவும் மதமாகவும் பார்த்தவர்கள் மறுபக்கம். ஜெயித்த கையோடு கபீப் கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர் மீது பாய்ந்தார். கபீப்புக்கு 9 மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும், மெக்ரிகருக்கு 6 மாதத் தடையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

பக்தர்களின் மனநிலைக்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. 1976-ல் ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்தார்கள். தங்கள் கால்பந்து அணி ஜெயித்தால் திங்கட்கிழமை அணியின் சின்னம் போட்ட உடையில் வருபவர்கள் அதிகம். ஜெயித்ததைச் சொல்லும்போது 'நாங்க' என்ற சொல்லும் அதிகம். அடுத்தவர் வெளிச்சத்தில் நாம் குளிர்காய்வது என்பது இதுதான்.

நமக்கும் இது புதிதல்ல. அன்ஷுல் ஜூப்ளி 2023 பிப்ரவரியில் 'ரோட் டு யு.எஃப்.சி' தொடரை வென்றபோது அவர் 'நம்ம பையன்'. 2025 பிப்ரவரியில் சிட்னியில் 19 விநாடிகளில் அவர் தோற்ற பிறகு எத்தனை பேர் அப்படிச் சொன்னோம்? 2024 ஜூனில் யு.எஃப்.சி-யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் பூஜா தோமரை இன்று எத்தனை பேர் பின்தொடர்கிறோம்?

5. பணம் கட்டியவர்

2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. அதன்பின் இந்த ரகம் அங்கே வேகமாக வளர்ந்தது. யார் நல்லா சண்டை போட்டார் என்பது இவருக்கு இரண்டாம்பட்சம், 'என் டிக்கெட் செல்லுமா?' என்பதே கேள்வி. போட்டி முடிவில்லாமல் போனால் வரும் கோபம் நேராக வீரரின் இன்பாக்ஸுக்குப் போகிறது. (இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய சட்டம் தடை செய்கிறது.)

6. கணக்குக் கேட்பவர்

எண்ணிக்கையில் குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் வீரர்களுக்கு உண்மையில் பயன்படுபவர் இவர்தான். 'டிக்கெட், ஒளிபரப்பு, விளம்பரம் எல்லாம் சேர்ந்த வருமானத்தில் அடி வாங்குகிறவருக்கு எவ்வளவு?' என்று கேட்பார். யு.எஃப்.சி மீது முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்த விவரங்களின்படி, வீரர்களுக்குப் போனது வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. என்.பி.ஏ கூடைப்பந்தில் இது ஏறக்குறைய பாதி. அந்த வழக்கு 2025-ல் 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

ரசிகர் எப்படி இருந்தால் என்ன, வீரருக்கு என்ன?

நிறைய இருக்கிறது. மைக்கேல் பிஸ்பிங் என்ற இங்கிலாந்து வீரருக்கு 2013-ல் நடந்த ஒரு போட்டியில் வலது கண் விழித்திரை பாதிக்கப்பட்டது. பிறகு அந்தக் கண்ணில் பார்வையே போனது. அதை மறைத்து மருத்துவப் பரிசோதனைகளைத் தாண்டினார். 2016-ல் மிடில்வெயிட் சாம்பியனும் ஆனார். ஓய்வுக்குப் பிறகு அவரே இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் கொண்டாடினார்கள், 'என்னா மன உறுதி!' என்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் தெரியாததை மறைத்தவர் மாவீரர், கண் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னவர் கோழை. பிஸ்பிங்கின் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாம் எதற்குக் கைதட்டுகிறோம், எதற்கு ஊளையிடுகிறோம் என்பதைக் கூண்டுக்குள் வரப்போகும் அடுத்த 20 வயதுப் பையனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். 'கண்ணு தெரியலைன்னு சொல்லலாமா, கூடாதா?' என்று அவன் முடிவெடுக்கும் அந்த 5 நிமிடத்தில் நம் சத்தத்துக்கும் பங்கு இருக்கிறது.

இத்தனைக்கும் கோபப்பட நியாயமான இடம் வேறு இருக்கிறது. விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கையுறையில் கண்குத்து நடப்பது புதிதல்ல. 2024 ஜூனில் இதைக் குறைக்கும் நோக்கமும் கொண்டு புதுக் கையுறை கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பினார்கள். அதற்கு எந்த அரங்கமும் ஊளையிடவில்லை.

2026-க்குப் பிறகு யாருக்கு மவுசு?

2025 வரை அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் தனியாக சுமார் 80 டாலர் கட்ட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் இருக்கலாம். வாங்கவைக்க நட்சத்திரம் தேவை, எனவே பக்தருக்கே மவுசு. இப்போது பாரமவுண்ட் நிறுவனத்துடன் 7 ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம். 2026 முதல் அங்கே தனிக் கட்டணம் இல்லை, மாதச் சந்தா போதும்.

ரசிகர் பர்ஸுக்கு நல்ல செய்திதான். ஆனால் ஒரு போட்டியை எத்தனை பேர் பார்த்தாலும் யு.எஃப்.சி-க்கு வரும் ஒப்பந்தப் பணம் வந்துவிடும். 'இந்த சண்டை வேண்டாம்' என்று பர்ஸை மூடிச் சொல்லும் வாய்ப்பு ரசிகருக்குக் குறைகிறது. விற்பனையில் பங்கு வாங்கிக்கொண்டிருந்த பெரிய நட்சத்திரங்களும் பேரம் பேசும் பலத்தில் ஒரு பகுதியை இழக்கிறார்கள். இனி ஆறாவது ரகத்தின் கேள்விக்கு முன்பைவிட வேலை அதிகம்.

கடைசியாக ஒன்று. இந்த ஆறு பேரும் ஆறு தனி ஆட்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயோடு போனில் போட்டி பார்க்கும் ஒரே ஆளுக்குள்ளேயே ஆறு பேரும் இருக்கலாம். முதல் ரவுண்டில் நுணுக்கம் பேசி, இரண்டாவதில் கொடி பிடித்து, மூன்றாவதில் 'அடி, அடி!' என்று நாமே கத்தியிருப்போம். அதில் தப்பில்லை. ஆனால் கூண்டுக்குள் ஒருவர் கையை உயர்த்தி 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று சொல்லும்போது, அந்த ஆறு பேரில் யார் முதலில் வாய் திறக்க வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.